கட்டமாட்டேன் என்று ஒரு கடிதம்

படம் திங்கட்கிழமை காலை எட்டரைக்கு வந்தது. யார் எடுத்தது என்று தெரியாது. முறைப்பாட்டு இலக்கத்துக்கு யாரோ அனுப்ப, அங்கிருந்து மாவட்டத்துக்கும், மாவட்டத்திலிருந்து எங்கள் பிரதேச செயலகத்துக்கும், கடைசியில் என் கைத்தொலைபேசிக்கும் வந்திருந்தது. ஆறேழு வயதுப் பெண்பிள்ளை ஒன்று வாவிக்கரை மணலில் உட்கார்ந்திருக்கிறது. இடுப்பில் நீல நைலோன் கயிறு. கயிற்றின் மற்ற முனை படத்துக்கு வெளியே போகிறது. பிள்ளை படம் எடுத்தவரைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கீழே ஒரு வரி: "இதெல்லாம் ஒரு தாயா? நடவடிக்கை எடுங்க."

நான் சிறுவர் உரிமை உத்தியோகத்தர். பக்கத்து மேசை நன்னடத்தை உத்தியோகத்தர் வினாயகமூர்த்தி சேருடையது. பிள்ளை சம்பந்தமான எந்த அறிக்கையும் அவருடைய கையெழுத்தோடுதான் நீதிமன்றத்துக்குப் போகும். படத்தை அவரிடம் நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"கட்டிக் கிடக்கு பிள்ள. இதில பார்க்கிறதுக்கு என்ன இருக்கு. கட்டியிருந்தா ஹோம்தான்."

"இன்னும் போய்ப் பார்க்கல்ல சேர்."

"போய்ப் பார். பார்த்திட்டு எழுது. எழுதினாப் புறகு மாத்தேலாது, அத மட்டும் ஞாபகம் வெச்சிக்க."

ஹோம் என்று அவர் சொன்னது சிறுவர் இல்லத்தை. பேசாத, தானாகச் சாப்பிடாத பிள்ளைக்கு இல்லத்தில் இடம் எடுப்பது லேசில்லை. கிடைத்தால் தூரத்தில் கிடைக்கும். இரண்டு வருடத்துக்கு முன் அப்படி ஒரு பிள்ளையை நான்தான் பஸ்ஸில் கொண்டுபோய் விட்டேன். ஏழு மணித்தியாலப் பயணம். தாய் முதல் மாதம் போய்ப் பார்த்தாள், மூன்றாம் மாதம் போனாள், பிறகு பஸ்ஸுக்கு வழியில்லை என்றாள். அந்தப் பிள்ளையின் காகிதங்கள் உள்ள கோவை இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. அதை எடுக்க வேண்டிய நாட்களில்கூட வேறு யாரையாவது எடுத்துத் தரச் சொல்வேன்.

செவ்வாய்க்கிழமை காலை போனேன். ஏறாவூர்ப் பக்கம், வாவியை ஒட்டிய ஒரு ஒழுங்கை. கார்த்திகை மழை நான்கு நாளாக விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஒழுங்கை முகப்பில் இருந்த வீட்டு வாசலில் ஒரு பெண் மழைத்தண்ணீரை விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஆரு? ஹெல்த்தா?"

"இல்ல, பிரதேச செயலகம்."

"அப்ப அஸ்வெசும உதவிக் காசுக்கா? எனக்கு இன்னம் வரல்ல, எழுதிக்கங்க. நிஸ்மியா."

"நான் பிள்ளைகள் பகுதி. கைறுன்னிஸா எண்டு ஒருத்தர் இஞ்ச இருக்கிறாவா?"

விளக்குமாறு நின்றது. "எனக்கிட தங்கச்சிதான். புறத்தால போங்க. மூணாவது ஊடு. செருப்பக் கையில எடுங்க மிஸ், ஆறு ஏறிக் கெடக்கு." இங்கே எல்லோரும் வாவியை ஆறு என்றுதான் சொல்வார்கள்.

பெற்றோர் வளவை மூன்று பெண்மக்களுக்கும் மூன்றாகப் பிரித்து வீடு கட்டிக் கொடுத்திருந்தார்கள். மூத்தவளுக்கு வீதிப் பக்கம், நடுவிலாளுக்கு நடு, கடைசி மகளுக்குத் தண்ணீர்ப் பக்கம். எங்கள் பகுதியில் தமிழர் வீடானாலும் முஸ்லிம் வீடானாலும் இதுதான் வழக்கம். வீடு பெண்ணுடையது, மாப்பிள்ளைதான் வந்து சேருவார்.

கைறுன்னிஸாவின் வீட்டுக்குள்ளிருந்து தறி ஓடும் சத்தம் கேட்டது. பின்பக்கம் போனேன். படத்தில் இருந்த பிள்ளை படத்தில் இருந்த மாதிரியே மணலில் இருந்தது. பதினைந்து அடிக்கு அப்பால் தண்ணீர். பிள்ளையின் இடுப்பிலிருந்து போன கயிறு யன்னல் கம்பிக்குள்ளால் வீட்டுக்குள் நுழைந்தது. கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுவைத்திருந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், "நஸ்ஹா" என்று. திரும்பவில்லை. வாயை மூடிக்கொண்டு ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்றபிறகுதான் அது தறியின் தாளத்துக்கு முனகுகிறது என்று புரிந்தது.

தறி நின்றது. பிள்ளையும் நிறுத்தியது.

"வாங்க மிஸ்," என்றாள் கைறுன்னிஸா யன்னலால். நான் யார் என்று கேட்கவில்லை. படம் அவளுக்கும் வந்திருந்தது.

உள்ளே கயிற்றின் மற்ற முனை தறிப் பலகையில், அவள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கட்டியிருந்தது. முப்பது வயது இருக்கும். முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு, பலகையில் எனக்கு இடம் ஒதுக்கினாள்.

"கையும் காலும் தறியில இரிக்கும். பார்க்கேலா. கயிறு இந்தா, தொடையில உரசிக்கிட்டுக் கெடக்கும். எழும்பினா இழுபடும். எனக்குத் தெரியும்."

"இது குற்றம் எண்டு தெரியுமா?"

"ஓம்."

"கதவைப் பூட்டி வைக்கலாமே."

அவள் எழுந்து பின்கதவால் வெளியே போய், பிள்ளையின் முன்மயிரை ஒதுக்கி யன்னலால் எனக்குக் காட்டினாள். நெற்றியில் தையல் அடையாளம். "பூட்டினன். கதவில அடிச்சா. ஆறு தையல். வேலி போட்டன், போன மாரிக்கு ஆறு கொண்டு போயிட்டு. மூத்தவ, நிஸ்மியா ராத்தாட ஊட்ட உட்டுப் பார்த்தன். ராத்தா நல்லவ, ஆனா அவக்கு நாலு புள்ள. ரெண்டாம் நாளே ஆத்துக்குள்ள முழங்கால் வரைக்கும் போயிட்டா. தண்ணி எண்டா இவக்கு வேற ஒண்டும் வாணாம் மிஸ்."

"பிள்ளைட வாப்பா?"

"கட்டார் நாட்டில வேல. நிஸ்தார் எண்டு பேரு. போன் எடுத்தா 'நஸ்ஹா கதைக்கிறாவா' எண்டு கேப்பாரு. இல்ல எண்டா மற்றக் கதைக்குப் போயிருவாரு." கொஞ்சம் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "கொண்டு போயிருவீங்களா?"

நான் மடியிலிருந்த பையைத் திறந்தேன்.

"இது புள்ளட ஊடு மிஸ். எனக்குப் புறகு இவட பேருக்குத்தான். ஊட்டுக்காரிய ஊட்ட உட்டுக் கெளப்பிட்டு நான் ஆருக்கு இதுக்குள்ள இரிக்கிற?"

பையில் அறிக்கைப் படிவம் இருந்தது. கண்டதை எழுதினால் அடுத்த வாரமே பஸ் பயணம். எழுதாமல் விட்டால், அந்தப் படம் எத்தனை பேரிடம் போயிருக்கிறதோ, அத்தனை பேரும் கேட்பார்கள். நடுவில் ஒரு வழி எனக்குத் தெரியும். அதை எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் பாவிப்போம். குடித்துவிட்டு அடிக்கும் தகப்பன், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத தாய், யாராயிருந்தாலும் ஒரு உறுதிமொழிக் கடிதம் வாங்குவோம். இனிமேல் செய்யமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்து வைப்பார்கள். கடிதம் கோவைக்குள் போகும். கோவை மூடப்படும். வீட்டுக்குப் போய் அவர்கள் என்ன செய்வார்கள் என்று எங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

"முதல்ல கயிற்றை அவிழுங்க," என்றேன்.

அவிழ்த்தாள். பிள்ளையை உள்ளே தூக்கிவந்து மடியில் இருத்திக்கொண்டாள். நான் தாளைக் கொடுத்துச் சொல்லச் சொல்ல எழுதினாள். நல்ல கையெழுத்து; பத்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறாள். 'இனிமேல் எனது மகளைக் கட்டிவைக்கமாட்டேன்' என்ற இடத்தில் பேனையை நிறுத்தினாள்.

"இனிமேல் எண்டா எப்ப இருந்து மிஸ்?"

"இண்டையில இருந்து."

"சீலையால? சீலையால லேசாக் கட்டினா?"

"ஒண்டாலயும் கட்டேலாது. ராத்தாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்க, நானும் வேற ஒழுங்கு பார்க்கிறன்."

"என்ன ஒழுங்கு?"

"பார்க்கிறன்," என்றேன்.

அல்லாஹ்வின் பெயரால் என்று பிஸ்மி சொல்லிக் கையெழுத்து வைத்தாள். அதைக் கண்டு எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனால் தாளை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அலுவலகத்துக்கு வந்து அறிக்கை எழுதினேன். 'பிள்ளை கட்டப்பட்ட நிலையில் காணப்படவில்லை. தாயின் மடியில் இருந்தது. தாய்க்கு ஆலோசனை வழங்கப்பட்டது.' வினாயகமூர்த்தி சேர் இரண்டு தரம் வாசித்தார்.

"போகக்குள்ள கட்டு இருந்திச்சா?"

"போகக்குள்ள இருந்திச்சு சேர். வரக்குள்ள இல்ல."

"அப்ப வரக்குள்ள பார்த்தத எழுதியிருக்கிறாய்." பேனையின் மூடியைக் கழற்றினார். "நல்லது. தூரப் பயணம் மிச்சம்." கையெழுத்து வைத்தார்.

அன்று பின்னேரம் மழை பலத்தது. புதன்கிழமை முழுக்கப் பெய்தது. அலுவலகத்தில் எல்லோருக்கும் தண்ணீர் பற்றித்தான் கதை. முகத்துவாரத்தில் மணல்மேட்டை வெட்டிவிட்டால்தான் வாவி கடலுக்குள் இறங்கும். வெட்டும்வரை கரையெல்லாம் ஏறும். வெள்ளிக்கிழமை வெட்டுவார்களாம் என்றார்கள். எனக்கு அந்தப் பதினைந்து அடி மணல் நினைவுக்கு வந்தது. புதன் பகல் கைறுன்னிஸாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"கட்டல்ல மிஸ்." ஹலோகூடச் சொல்லவில்லை.

"தண்ணி எதுவரைக்கும் வந்திருக்கு?"

"குசினிப் படிக்கு."

பின்னால் சத்தமே இல்லை. "தறி ஓடல்லயா?"

"தறி நிக்கிது. நான் இவட கையப் புடிச்சிக்கிட்டு இரிக்கன்."

வேறு ஒழுங்கு என்று சொன்னேன் அல்லவா, அதற்காக நான்கு இடத்துக்கு எடுத்துப் பார்த்தேன். விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான பகல் வகுப்பில் இடம் தை மாதம்தான். வேலி அடிக்க அனர்த்த நிவாரணப் பிரிவில் கேட்டால், வெள்ளம் வடிந்த பிறகு விண்ணப்பம் தரச் சொன்னார்கள். வியாழக்கிழமை மறுபடியும் எடுத்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பத்து நிமிடம் கழித்து அவளே எடுத்தாள்: "கட்டல்ல மிஸ். இவவ மலசலகூடத்துக்குக் கூட்டிப் போனன், அதான்." போகவேண்டும் என்று நினைத்தேன். வியாழன் கூட்டம் இருந்தது. வெள்ளி காலை வெள்ள நிவாரணப் பட்டியல். பன்னிரண்டு மணிக்குப் போகலாம் என்று கொப்பியில் குறித்துவைத்தேன்.

பதினொன்று ஐம்பதுக்கு நிஸ்மியா எடுத்தாள்.

"மிஸ், புள்ளயக் காணல்ல."

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு எப்படிப் போனேன் என்று வரிசையாகச் சொல்லமுடியாது. ஒழுங்கை முழுக்க முழங்கால் தண்ணீர். ஸ்கூட்டியை முகப்பில் விட்டுவிட்டு நடந்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரம், ஆண்கள் பள்ளிவாசலில். கரையில் பெண்கள் மட்டும் நின்றார்கள். இரண்டு பேர் தோணி ஒன்றைத் தள்ள, அது மணலில் சிக்கி நின்றது. கைறுன்னிஸா மார்பளவு தண்ணீரில் நடந்துகொண்டிருந்தாள். கையால் தண்ணீரை இரண்டு பக்கமும் விலக்கி விலக்கிப் பார்த்தாள், அடியில் ஏதோ விழுந்துபோன மாதிரி. என்னைக் கண்டதும் அப்படியே நின்றாள்.

"கட்டல்ல மிஸ்," என்றாள். "நான் கட்டல்ல. கேளுங்க, ராத்தாவக் கேளுங்க. நான் கட்டவே இல்ல."

கரையில் நின்ற எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கொஞ்சம் தள்ளி வாவிக்குள் இறால் பிடிக்கும் கூடு பார்க்க வந்திருந்த ஒருவர் கூப்பிட்ட சத்தம் அப்போதுதான் கேட்டது. மதுஷன் என்று பிறகு அறிந்தேன். அக்கரைத் தமிழ்க் கிராமத்தவர். "இஞ்ச இருக்கு. பிள்ள இஞ்ச இருக்கு." தோணிக்குள் அவர் எழுந்து நின்று கையை ஆட்டினார். கூடு கட்டும் கம்பு ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நஸ்ஹா கழுத்தளவு தண்ணீரில் நின்றிருக்கிறாள். எப்படி அவ்வளவு தூரம் போனாள் என்று யாருக்கும் தெரியாது. அவர் தூக்கிக் கொண்டுவந்து கரையில் விட்டபோது பிள்ளை நடுங்கிக்கொண்டிருந்தது, ஆனால் அழவில்லை. தண்ணீர்ப் பக்கமே திரும்பத் திரும்பப் பார்த்தது.

"நான் கம்பில கொக்கு நிக்கிது எண்டுதான் நினைச்சன்," என்றார் மதுஷன், யாரிடமும் இல்லாமல். பிறகு தோணியின் விளிம்பில் இருந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

அரிசி களைய எழும்பினாளாம் கைறுன்னிஸா. அவ்வளவு நேரம்தான்.

வைத்தியசாலையில் ஒரு நாள் வைத்திருந்தார்கள். நுரையீரலில் தண்ணீர் இல்லை என்றார்கள். அங்கேயே பொலிஸார் வந்து தாயின் வாக்குமூலம் எடுத்தார்கள். கவனயீனம் என்று முறைப்பாடு பதியப்பட்டது. பின்னேரம் வினாயகமூர்த்தி சேர் எடுத்தார்.

"நீதவான் திங்கட்கிழமை அறிக்கை கேட்டிருக்கார். செவ்வாய்க்கிழமை அறிக்கைய அப்பிடியே வைப்பம். அதுக்குக் கீழ, தாய் கவனயீனம், பிள்ளைய இல்லத்துக்கு அனுப்பச் சிபாரிசு எண்டு ஒரு பந்தி போடு."

"அந்த அறிக்கை பொய் சேர்."

"பொய் இல்ல. வரக்குள்ள பார்த்தது."

"கடிதம் இருக்கு. கட்டமாட்டன் எண்டு எழுதி வாங்கின கடிதம்."

"அதக் கோவைக்குள்ள வெச்சிட்டியா?"

"வெச்சிட்டன்."

"எடு. அது இருந்தா தாய் கட்டினதும் வெளிய வரும், நீ மறைச்சதும் வெளிய வரும். ஆருக்கும் நல்லதில்ல பிள்ள."

அவர் சொன்னது பிழை என்று சொல்லமுடியாது. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் வைத்தது. கடிதத்தை எடுத்துவிட்டால் கைறுன்னிஸா காரணமில்லாமல் பிள்ளையைத் தண்ணீருக்கு விட்ட தாய். கடிதத்தை வைத்தால் பிள்ளையைக் கயிற்றில் கட்டிய தாய். இரண்டிலும் பிள்ளை போகலாம். ஒன்றில் நான் தப்பலாம். அந்த ஒரு வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தபடியால் எதை யோசித்தாலும் எனக்கு என்மேலேயே சந்தேகமாக இருந்தது.

சனிக்கிழமை பிள்ளையை வீட்டுக்கு விட்டார்கள். ஞாயிறு காலை நான் போனேன். முகத்துவாரம் வெட்டியாகிவிட்டது. தண்ணீர் குசினிப் படியை விட்டு இறங்கியிருந்தது. ஆனால் நிற்கும் தண்ணீராக இல்லை. கிழக்குப் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடியது. மிதந்து வந்த சல்பீனியா நீர்ப்பூண்டெல்லாம் ஒரே திசையில் போனது.

கைறுன்னிஸா உள்ளே பாயில் இருந்தாள். ஒரு கை பிள்ளையின் மணிக்கட்டில். முடி சிக்குப்பட்டுக் கிடந்தது. பக்கத்தில் நிஸ்மியா கொண்டுவந்து வைத்த சோறு தொடாமல் காய்ந்திருந்தது.

"வைத்தியசாலையில இருந்து வந்ததில இருந்து இந்தக் கையாலதான் புடிச்சிக்கிட்டு இரிக்கன்," என்றாள், தன் கையைக் காட்டி. "ராத்தா மாறிப் பிடிக்கன் எண்டா. நான் குடுக்கல்ல. அவவும் கண்ணசந்தா?" பிறகு கேட்டாள்: "நீங்க கொஞ்சம் புடிச்சிக்கங்க மிஸ். குளிச்சிட்டு வாறன். ரெண்டு நாளா தொழவும் இல்ல."

கையை வாங்கினேன். சின்ன, சூடான மணிக்கட்டு. அவள் தண்ணீர் வார்க்கும் சத்தம் பக்கத்திலேயே கேட்டது. நஸ்ஹா எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு அமைதியாக இருந்தாள். என் தொலைபேசி மடியில் அதிர்ந்தது. வினாயகமூர்த்தி சேர். நான் அதை நிறுத்தத்தான் குனிந்தேன். பிள்ளை இழுக்கவில்லை, உதறவில்லை. உடம்பைத் தளர்த்திக் கீழே சரிந்தாள். கை என் கைக்குள்ளால் நழுவி வெளியே போய்விட்டது. நான் எழும்பும்போது பின்கதவு ஆடிக்கொண்டிருந்தது.

ஓடினேன். தண்ணீருக்குள் முழங்கால் வரை போய்விட்டாள். என் கால் சேற்றில் புதைந்து நான் முகம் குப்புற விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்து எட்டி அவள் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்தேன். தண்ணீர் அவளை இழுத்தது. சட்டையின் தையல் தெறிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. இடுப்பில் கையைப் போட்டு இழுத்துக்கொண்டு படியேறினேன். சத்தம் போட வாய் வரவில்லை. பக்கத்தில் இன்னும் தண்ணீர் வார்க்கும் சத்தம். கைறுன்னிஸா முடிக்குச் சவர்க்காரம் போட்டு முடிக்கவில்லை.

உள்ளே கதவைச் சாத்தி அதில் முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். பிள்ளை என் கைக்குள் நெளிந்து நெற்றியைக் கதவில் அடிக்கத் தொடங்கியது, அந்தத் தையல் இருந்த இடத்தாலேயே. தறிப் பலகைக்குக் கீழே கயிறு கிடந்தது. நான் அதை எடுத்தேன்.

இடுப்பைச் சுற்றிக் கொண்டுவரும்போது நஸ்ஹா இரண்டு கையையும் தானாகத் தூக்கித் தந்தாள். சட்டை போடுவதற்குப் பிள்ளைகள் தூக்குவது போல. முடிச்சுப் போட்டேன். மறு முனையை என் கையில் சுற்றிக்கொண்டு பலகையில் இருந்தேன். பிள்ளை யன்னலடிக்குப் போய்க் கம்பியில் முகத்தை வைத்துத் தண்ணீரைப் பார்த்தது. முனகத் தொடங்கியது.

கைறுன்னிஸா ஈரத்தலையோடு வந்து நின்றாள். என் சாரி முழுக்கச் சேறு. தரை முழுக்கத் தண்ணீர்.

"என்ன மிஸ் செஞ்சிரிக்கீங்க?"

"கட்டியிருக்கன்."

"நான் கையெழுத்து வெச்சிரிக்கனே."

"நான் வைக்கல்லதானே."

அவள் சிரிக்கவில்லை. குனிந்து முடிச்சைப் பார்த்தாள். "இது இழுக்க இழுக்க இறுகும். புள்ளக்கு நோகும்." அவிழ்த்து, ஒரு பழைய சீலைத்துண்டை இடுப்பில் சுற்றி, அதற்குமேல் வேறு விதமாகக் கட்டினாள். பிறகு என் பக்கத்தில் இருந்துகொண்டு கேட்டாள்: "நாளைக்கு என்ன சொல்லப் போறீங்க?"

வீட்டுக்குப் போய் எழுதினேன். செவ்வாய்க்கிழமை போகும்போது என்ன கண்டேன், அவிழ்க்கச் சொன்னது யார், கடிதம் வாங்கியது யார், கட்டுக்குப் பதில் என்ன ஒழுங்கு கொடுக்கப்பட்டது என்று வரிசையாக எழுதினேன். கடைசிக் கேள்விக்கு விடை, ஒன்றும் கொடுக்கப்படவில்லை. தாய் உறுதிமொழியைக் காப்பாற்றியதாலேயே பிள்ளை தண்ணீருக்குள் போனது என்றும், ஞாயிறு காலை நானே பிள்ளையைக் கட்டினேன் என்றும் எழுதினேன். கீழே ஒரு வரி சேர்த்தேன்: 'முதல் அறிக்கையின்போது நன்னடத்தை உத்தியோகத்தருக்குச் சரியான விபரம் என்னால் தரப்படவில்லை.'

திங்கள் காலை ஏழரைக்கு நீதிமன்ற வாசலில் வினாயகமூர்த்தி சேர் அதை வாசித்தார்.

"எனக்கு இன்னும் ஒரு வருஷமும் நாலு மாசமும்தான் பிள்ள. பென்சன்."

"தெரியும் சேர். அதுக்குத்தான் கடைசி வரி."

"அதுவும் பொய்தானே."

"ஓம்."

"ஒரு பொய்யைத் திருத்துறதுக்கு வந்து இன்னொண்டு எழுதியிருக்கிறாய்." வீதியைப் பார்த்தார். ஒரு தேநீர்க் கடைக்காரர் மழைக்குப் போட்ட படங்கை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். பிறகு என் முதுகில் தாளை வைத்து, அந்தக் கடைசி வரியை வெட்டினார். வெட்டிய இடத்தில் சிறிய கையெழுத்து, கீழே பெரிய கையெழுத்து. "உள்ள போ. வாய் காயுது, நான் ஒரு பிளேன்டி குடிச்சிட்டு வாறன்," என்றார். ஆனால் கடைப் பக்கம் போகவில்லை. எனக்குப் பின்னாலேயே வந்தார்.

வழக்கு பதினொரு மணிக்கு எடுக்கப்பட்டது. நீதவான் இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கடிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இதை எழுதச் சொன்னது நீங்களா?"

"ஓம், கனம் நீதவான் அவர்களே."

"அன்றைக்கு அவிழ்க்கச் சொன்னீர்கள். நேற்று நீங்களே கட்டினீர்கள். எது சரி?"

"அன்றைக்கு நான் கயிற்றை மட்டும்தான் பார்த்தேன்," என்றேன். "தண்ணீரைப் பார்க்கவில்லை."

அவர் குனிந்து எழுதினார். நிறைய நேரம் எழுதினார். கைறுன்னிஸா கூண்டுக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. கட்டளை வாசிக்கப்பட்டது. பிள்ளை பதினான்கு நாள் தாயின் பொறுப்பில் இருக்கலாம். அதற்குள் வீட்டின் தண்ணீர்ப் பக்கம் வேலி அடிக்கவும், பகலில் பிள்ளையைப் பார்க்க ஓர் ஆளை ஒழுங்கு செய்யவும் பிரதேச செயலகம் நடவடிக்கை எடுத்து அறிவிக்க வேண்டும். செய்யாவிட்டால் இல்லம் பற்றி அடுத்த தவணையில் தீர்மானிக்கப்படும். முதல் அறிக்கை பற்றி இரு உத்தியோகத்தர்களும் எழுத்தில் விளக்கம் தர வேண்டும்.

வெளியே விறாந்தையில் நிஸ்மியா பிள்ளையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்றாள். கைறுன்னிஸா பிள்ளையை வாங்கிக்கொண்டாள். எனக்கு ஏதாவது நல்ல சொல் சொல்வாள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன் என்பதை, அவள் முகத்தைக் கண்ட பிறகுதான் அறிந்தேன்.

"கட்டினதெண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டீங்க," என்றாள். "வாப்பாக்காரன் கேட்டா நான் என்ன செல்ற?"

"சொல்லாட்டி பிள்ளைய இண்டைக்கே கொண்டு போயிருப்பாங்க."

"அது எனக்கும் வெளங்கிச்சு." பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "வேலி எப்ப வரும்?"

"நாளைக்குக் கடிதம் போடுறன். இந்தத் தடவை நீதிமன்றக் கட்டளை இருக்கு, தட்டேலாது."

"அதுவரைக்கும்?"

நீதவான் கயிற்றைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கட்டலாம் என்றும் இல்லை, கட்டக்கூடாது என்றும் இல்லை. வினாயகமூர்த்தி சேர் தூணுக்கு அந்தப் பக்கம் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ், ஒண்டச் செல்லுங்க. கட்டலாமா, கட்டக்கூடாதா?"

"தறியில இருக்கக்குள்ள கட்டுங்க. சீலையை உள்ள வெச்சிக் கட்டுங்க," என்றேன். "வேலி வரும்வரைக்கும்."

"ஆரும் படம் எடுத்தா?"

"ஆர்த்திகா மிஸ் சொன்னது எண்டு சொல்லுங்க."

"பேரச் செல்லலாமா?"

"செல்லலாம்."

அவள் என் முகத்தை நன்றாகப் பார்த்தாள், நான் சொன்ன சொல்லில் நிற்பேனா என்று. பிறகு நிஸ்மியாவைக் கூட்டிக்கொண்டு ஓட்டோவுக்கு நடந்தாள். அடுத்த நாள் நான் அலுவலகத்துக்கு வந்து முதல் வேலையாக வேலிக்கான கடிதத்தை எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் தொலைபேசி இரண்டு தரம் அடித்தது. இரண்டும் நிஸ்மியா இல்லை, வேறு யாரோ. இரண்டு தரமும் எடுப்பதற்கு முன் என் கை நின்றது. இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது.